பதினான்கு படியும் முன்னோக்கி

1,140 மீட்டர். ரோமெட் சான்டெலரின் வீட்டு வாசலுக்கும், வெள்ளைக்கிண்ணம் என்று நாங்கள் சொல்லும் பாறைக் குழிவுக்கும் இடையே உள்ள உயரம் அது. ஆஸ்திரியாவின் டிரோல் மலையில் எங்கள் பள்ளத்தாக்கின் வேட்டைக் காவலர் ரோமெட். முப்பத்தெட்டு வருடச் சம்பள வேலையில் அந்த உயரத்தை ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு தடவை ஏறியிருக்கிறார். ஏறிய கணக்கு மதுக்கடையில் எல்லோருக்கும் தெரியும். இறங்கிய கணக்கைப் போட்டவள் அவர் மனைவி புர்கல் மட்டும்தான். தபால் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள், கிலோமீட்டரில்தான் யோசிப்பாள்.

"ஆயிரத்து எழுநூறு கிலோமீட்டர்யா! அவ்வளவு தூரம் நேரா கீழ இறங்கியிருக்கு உன் முட்டி. செயற்கைக்கோள்ல இருந்து குதிச்சவன்கூட இவ்வளவு இறங்கியிருக்க மாட்டான்."

2019இல் ரோமெட்டுக்கு அறுபத்து மூன்று வயது. இடது முழங்காலின் ஜவ்வு தேய்ந்திருந்தது. வலது கணுக்கால் மூன்று தடவை பிசகியிருந்தது. முழங்கால் மூட்டை மாற்றிவிடலாம் என்று இரண்டு வருடம் முன்பே சொல்லியிருந்தார் டாக்டர். மாற்றலாம், ஆனால் இந்த வருடம் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தவர், அன்றிலிருந்து இரண்டு குளிர்காலமாக ஒரு வேலை செய்தார். தினமும் மாலைச் செய்தி ஓடும் நேரம் முழுக்க, தொழுவத்துச் சுவரில் முதுகைச் சாய்த்து, இல்லாத நாற்காலியில் உட்கார்ந்திருப்பதுபோல் முழங்காலை மடக்கி நிற்பார். செய்தி முடிவதற்குள் மூன்று தடவை எழுந்து மூன்று தடவை உட்காருவார். பல் துலக்குவது ஒற்றைக் காலில்.

"என்ன ரோமெட், நாற்காலிய வித்துட்டியா?" என்று வேலிக்கு வெளியே நின்று கேட்பான் மதுக்கடை வின்சென்ஸ்.

"ஆமா. உன் கடைப் பாக்கிக்குத்தான் வித்தேன்."

சிரிப்புக்குப் பின்னால் இருந்த விஷயம் சின்னதல்ல. எங்கள் மலைச்சரிவின் வேட்டை உரிமையைக் குத்தகைக்கு எடுத்திருப்பவர் ஹெட்விக் ஆமோர்ட். மரம் அறுக்கும் ஆலையின் முதலாளி, படித்த இன்ஜினியர். பட்டத்தைச் சொல்லாமல் யாரையும் கூப்பிட மாட்டோம் என்பதால் ஊருக்கே அவர் இன்ஜினியரம்மா. ரோமெட்டின் ஒப்பந்தம் டிசம்பரோடு முடிகிறது. ரோமெட்டின் கால் தாங்காது என்று இன்ஜினியரம்மா நினைத்தால், வெள்ளைக்கிண்ணத்தின் காவல் பக்கத்துப் பள்ளத்தாக்கின் கெப்ஹார்டுக்குப் போகும். கெப்ஹார்டுக்கு இருபத்தொன்பது வயது. ரோமெட்டுக்கு மிஞ்சுவது பனிக்காலத்தில் அடிவாரத்து மான்களுக்கு வைக்கோல் போடும் வேலை. "அதுக்குத் துப்பாக்கி எதுக்கு, கவைக்கோல் போதுமே" என்றார் ரோமெட், புர்கலிடம் மட்டும்.

செப்டம்பரில் இன்ஜினியரம்மா வீட்டுக்கே வந்தார்.

"ரோமெட், உங்க காலு எப்படி இருக்கு?"

"ரெண்டு இருக்கு, இன்ஜினியரம்மா."

"கெப்ஹார்ட் ரெண்டு மணி பத்து நிமிஷத்துல மேல போயிடறானாமே?"

"போவான். ஏறுறதுக்கு மூச்சு இருந்தாப் போதும். நீங்க என்னை இறங்கும்போது பாருங்க."

"இறங்கறதை எப்படி அளக்கறது? அதுக்கு யாரும் நேரம் குறிச்சு வைக்கறதில்லையே."

அடுப்படியிலிருந்து புர்கல் திரும்பினாள். "அதை மலையில அளக்க முடியாதுங்க. மறுநாள் காலையில எங்க வீட்டு மாடிப்படியில அளங்க. பதினாலு படி. யாரு முன்னாடி பார்த்து இறங்கறாங்க, யாரு பின்பக்கமா இறங்கறாங்கன்னு பார்த்தாப் போச்சு."

இன்ஜினியரம்மா சிரித்துவிட்டார். எங்கள் ஊரில் ஐம்பதைத் தாண்டிய எல்லோரும், மலைக்குப் போய்வந்த மறுநாள் மாடிப்படியில் பின்பக்கமாகத்தான் இறங்குவார்கள், ஏணியில் இறங்குகிற மாதிரி, கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு. எல்லோருக்கும் தெரியும். யாரும் வெளியில் சொல்வதில்லை.

அன்றே பேசி முடித்தார்கள். அக்டோபர் 12, சனிக்கிழமை, ரோமெட்டும் இன்ஜினியரம்மாவும் மேலே போவது. இரவு இன்ஜினியரம்மா ரோமெட் வீட்டு மாடி அறையிலேயே தங்குவது. ஞாயிறு காலை ஏழு மணிக்கு, காபியோடு, முடிவைச் சொல்வது.

மலைக்கு மேலே ஒரு வழக்கம் உண்டு. ஆயிரம் மீட்டரைத் தாண்டினால் மரியாதைப் பன்மை கிடையாது, முதலாளியும் கூலிக்காரனும் ஒருவருக்கொருவர் "நீ"தான். எங்கள் ஊரே ஆயிரத்து இருநூற்றுப் பத்து மீட்டரில் இருப்பதால், விட்டால் பாதிரியாரைக்கூட "நீ" என்று கூப்பிட வேண்டிவரும். ஆகவே முன்னோர்கள் அந்த எல்லைக் கோட்டை மேலே தள்ளி, மாட்டு வேலிக் கதவில் வைத்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை விடியலில் கதவைத் தாண்டியதும் ரோமெட் அங்கிருந்த வைக்கோல் குடிசைக்குள் நுழைந்தார். முழங்காலுக்கு ஒரு பட்டை, கணுக்காலுக்கு ஒரு பட்டை. இரண்டையும் மாட்டி, மேலே கம்பளிக் காலுறையை இழுத்துவிட்டார்.

"என்னது அது?"

"ரெண்டு வருஷ ரகசியம். கதவுக்குக் கீழ போய் வாயைத் திறந்துடாதே, ஹெட்விக்."

"ஊருக்குப் பயந்தா இங்க ஒளிச்சு வெச்சிருக்க?"

"ஊருக்கு இல்ல. வின்சென்ஸுக்கு."

ஏற மூன்றேகால் மணி நேரம். கெப்ஹார்டைவிட ஒரு மணி ஐந்து நிமிடம் அதிகம். ஹெட்விக் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து மணி வாக்கில், காம்ஸ் என்று நாங்கள் சொல்லும் எங்கள் வரையாடுகள் பாறை விளிம்பில் வந்தன. குட்டியில்லாத கிழட்டுப் பெட்டை ஒன்றை ரோமெட் காட்டினார். ஹெட்விக் சுட்டார், ஒரே தோட்டா. வேட்டை வழக்கப்படி ரோமெட் ஆட்டின் வாயில் கடைசிக் கவளமாக ஒரு பைன் கொத்தை வைத்தார். சுட்டவருக்கான இன்னொரு கொத்தைத் தன் தொப்பியின் மேல் வைத்து நீட்ட, ஹெட்விக் எடுத்துத் தன் தொப்பியில் செருகிக்கொண்டார். குடலெடுத்த ஆடு பதினேழு கிலோ. அது ரோமெட்டின் முதுகுப்பைக்குப் போனது.

கிளம்பும் முன் அவர் உட்கார்ந்து காலணிக் கயிறுகளை முழுக்க அவிழ்த்தார். ஏறும்போது கணுக்காலில் தளர்வாக இருந்ததை இப்போது இறுக்கினார், குதிகால் பின்னால் பதிந்து, விரல்கள் முன்னால் முட்டாதபடி. பிறகு தன்னைவிட உயரமான ஹேசல் மரக் கம்பை எடுத்தார். இரும்பு முனை, இரண்டு மீட்டர். புதிதாக வருகிறவர்கள் கம்பைப் பள்ளத்துப் பக்கம் முன்னால் ஊன்றுவார்கள். வழுக்கினால் கம்போடு சேர்ந்து போவார்கள். ரோமெட் இரண்டு கையாலும் பிடித்து மேட்டுப் பக்கம் பின்னால் ஊன்றி, பாதி உட்காருவதுபோல் அதன் மேல் சாய்வார். முழங்காலுக்குப் போக வேண்டிய பாரத்தில் பாதி கம்புக்குப் போய்விடும்.

குழிவின் வாயில் சரளைச் சரிவு தொடங்குகிறது. எங்கள் ஊரின் திமிர் இருக்குமிடம் அது. குதிகாலை அழுத்தி, கல்லோடு கல்லாகச் சறுக்கி ஓடினால் நானூறு மீட்டர் உயரம் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஓடியவன் அந்த நிமிடக் கணக்கைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருப்பான்.

ஹெட்விக்கின் கண் மின்னியது. அவருக்கு ஐம்பத்தாறு, பனிச்சறுக்கிலேயே வளர்ந்தவர். "வா ரோமெட்! ஒரே ஓட்டம்!"

"நீ போ. நான் ஆடு போற வழியில வர்றேன்."

"அது சுத்து வழியாச்சே! ஒரு மணி நேரம் கூட ஆகும்."

"ஆடு முட்டாள் இல்ல, ஹெட்விக். அதுக்கு நாலு முட்டி. அதுவே சுத்தித்தான் போகுது."

ஹெட்விக் பாய்ந்தார். புழுதி எழுந்தது. கீழிருந்து குரல் வந்தது: "பதினொரு நிமிஷம்!"

ரோமெட் சரிவின் ஓரமாக, ஆடுகள் மிதித்த ஒற்றையடித் தடத்தில் வளைந்து வளைந்து இறங்கினார். சின்னச் சின்ன அடி. முழங்காலை ஒருபோதும் முழுக்க நீட்டவில்லை. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை பையை ஒரு பாறையில் சாய்த்து நின்றார். மூன்றாவது வளைவில் ஈரக் கல் ஒன்று வலது காலின் அடியில் புரண்டது. முன்பு மூன்று தடவை பிசகிய அதே பக்கம். கம்பு வில்லாக வளைந்தது, பட்டை இறுகியது, காலணி பிடித்துக்கொண்டது. பதினேழு கிலோவும் ஒரு பக்கம் சாய்ந்து, பிறகு நேரானது. "நிஜமாச் சொல்றேன், கணுக்காலுக்கு நன்றின்னேன், சத்தமா" என்று பிறகு சொன்னார்.

வேலிக் கதவுக்கு அவர் வந்து சேர்ந்தபோது ஐம்பத்தைந்து நிமிடம் தாமதம். அவர் குடிசையில் விட்டுப்போன ரொட்டியையும் பன்றித் தொடை வற்றலையும் ஹெட்விக் தின்று முடித்திருந்தார். ஊருக்குள் இறங்கியதும், மதுக்கடை வாசலில் வின்சென்ஸ் காத்திருந்தான்.

"வாய்யா! செத்த ஆடு தனியாக் கிளம்பியிருந்தாகூட உனக்கு முன்னாடி வந்திருக்கும்!"

கடை முழுக்கச் சிரித்தது. இன்ஜினியரம்மா சிரிக்கவில்லை, அதுதான் மோசம். கெப்ஹார்டின் தொலைபேசி எண்ணை வின்சென்ஸிடம் கேட்டுக் குறித்துக்கொண்டார். ரோமெட் அதைப் பார்த்தார். வீட்டுக்குப் போய், வாசல் தண்ணீர்த் தொட்டியில் முழங்கால்வரை இறங்கிப் பத்து நிமிடம் நின்றார். பனி உருகி வரும் தண்ணீர்.

"நீங்களும் கொஞ்சம் நில்லுங்க, இன்ஜினியரம்மா" என்றாள் புர்கல்.

"எதுக்கு? நான் நல்லாத்தான் இருக்கேன்."

"சரிங்க" என்றாள் புர்கல், ஒரு மாதிரியாக.

ஞாயிறு காலை ஆறே முக்கால். பால் தூக்கைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் வின்சென்ஸ் சமையலறையில் உட்கார்ந்திருந்தான். அது யாருடைய தூக்கு என்று யாரும் கேட்கவில்லை. புர்கல் அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். மேலே கதவு திறந்தது.

ஒன்று. இரண்டு. மூன்று. புர்கல் திரும்பவில்லை, சத்தத்தை எண்ணினாள். பின்பக்கமாக இறங்குகிறவனுக்குப் படியில் முன்பாதம்தான் முதலில் படும், சத்தம் மெத்தென்று இருக்கும். இது குதிகால். ஒன்பதாவது படியில் நின்றது. வின்சென்ஸ் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான். பிறகு பத்து, பதினொன்று. பதினாலாவது படியில் ரோமெட் நின்றார், முன்னோக்கி, கைப்பிடியைத் தொடாமல். தொட முடியாது, ஒரு கையில் நேற்றைய தண்ணீர்க் குவளை. இன்னொரு கையில் முழங்கால் பட்டையும் கணுக்கால் பட்டையும், எல்லோரும் பார்க்கும்படி.

"ஒன்பதுல ஏன்யா நின்ன?" என்றாள் புர்கல்.

"காபி வாசனை வந்துச்சு."

வின்சென்ஸ் பட்டைகளைப் பார்த்தான். "ஓ... இதுவா சங்கதி!"

"இதுதான். உனக்கும் ஒண்ணு வாங்கித் தரவா? போன வாரம் நீ உன் கடை நிலவறைப் படியில எந்தப் பக்கமாப் பார்த்து இறங்கினேன்னு உன் பொண்டாட்டி சொன்னா."

வின்சென்ஸுக்குக் காது சிவந்தது. புர்கல் கரண்டியால் பாத்திரத்தைத் தட்டிக் கொண்டாடினாள்.

அப்போது மேலே இன்னொரு கதவு. வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கைப்பிடி முனகியது. முதலில் ஒரு குதிகால் பின்பக்கமாகத் தெரிந்தது, பிறகு கம்பளிச் சட்டையின் முதுகு. மரம் அறுக்கும் ஆலையின் முதலாளி, இரண்டு கையாலும் கைப்பிடியைக் கட்டிப்பிடித்து, படிக்கு ஒரு "ஐயோ" வீதம் இறங்கிக்கொண்டிருந்தார்.

ஆறாவது படியில் நின்று, திரும்பாமலே பேசினார். "எல்லாரும் பார்க்கிறீங்களா?"

"இல்லைங்க" என்றார்கள் மூன்று பேரும், பார்த்துக்கொண்டே.

"பதினொரு நிமிஷம்" என்றார் அவர் சுவரைப் பார்த்து. "அந்தப் பதினொரு நிமிஷம் இப்ப எனக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்?"

"மூணு நாள்" என்றார் ரோமெட். "நாளைக்குத்தான் இன்னும் மோசம்."

ஹெட்விக் மீதிப் படிகளை இறங்கி முடித்து, மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து கெப்ஹார்டின் எண் எழுதிய சீட்டை எடுத்து, இரண்டாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு அடியில் குனிந்து வைக்கப் பார்த்தார். குனிய முடியவில்லை. ரோமெட் வாங்கி, முழங்காலை மடக்கி உட்கார்ந்து, வைத்துவிட்டு எழுந்தார். எதையும் பிடிக்காமல்.

"சரி. வெள்ளைக்கிண்ணம் உன்னோடதுதான்" என்றார் ஹெட்விக். "அந்தக் கம்பு மாதிரி எனக்கும் ஒண்ணு வேணும். செஞ்சு கொடு நீ."

புர்கலின் கரண்டி தரையில் விழுந்தது. வேலிக் கதவுக்குக் கீழே, ஆயிரத்து இருநூற்றுப் பத்து மீட்டரில், சமையலறைக்குள், "நீ".

"செஞ்சு தர்றேன், ஹெட்விக்" என்றார் ரோமெட். "முதல்ல நீ போய் அந்தத் தொட்டித் தண்ணியில நில்லு."

ஒப்பந்தம் மூன்று வருடத்துக்கு நீட்டப்பட்டது. பட்டைகள் இப்போது வைக்கோல் குடிசையில் இல்லை, வீட்டு வாசலில் தொப்பிக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகின்றன. கம்புக்கான ஹேசல் கிளையை மரத்தில் சாறு இறங்கிய பிறகு டிசம்பரில் வெட்டுவார்கள். அது காய இரண்டு வருடம் ஆகும்.