ஜக்கையன் கட்டிய தொட்டி

ஜக்கையன் போடியிலிருந்து வந்த கொத்தனார். வேலை சுத்தம், வாய் கொழுப்பு, பிடித்த முயலுக்கு மூன்றே கால். மாநிலங்களைப் பிரித்து, மலை கேரளத்தோடு சேர்ந்த ஐம்பத்தாறாம் வருடம், போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் மனைவி அன்னக்கொடியோடு குடியிருந்தார்.

குடியிருப்பு ஒரு மேட்டில். தண்ணீரோ ஓடைக்கு அந்தப் பக்கம், எதிர்ச்சரிவின் ஊற்றில். பெண்கள் பாசி பிடித்த பாறையில் இறங்கி, ஓடையைக் கடந்து, குடத்தோடு திரும்பி ஏற வேண்டும். அப்படி ஏறும்போதுதான் அன்னக்கொடிக்கு முதல் கரு கலைந்தது. இப்போது மறுபடி முழுகாமல் இருந்தாள். மழைக்கு முன்னால் வாசலுக்கே தண்ணீர் கொண்டுவருவதாக ஜக்கையன் சபதமே செய்துவிட்டார். ஊற்று மேட்டைவிடத் தாழ்வு என்பதை அவர் பொருட்படுத்தவில்லை.

ஊற்றடியில் தொட்டி கட்டினார். தோட்டத்தில் கழித்துப்போட்ட ஒல்லிக் குழாய்களைப் பூட்டி, ஓடைக்குள் இறக்கி, இந்தப் பக்கச் சரிவில் ஏற்றினார். பாதிக்கு மேல் ஏறிவந்து தண்ணீர் கொட்டியது. பெண்கள் குலவையிட்டார்கள். அடுத்த குழாயைப் பூட்டி உயர்த்தியதும் நின்றுபோனது. வாசலுக்கு இன்னும் இரண்டு ஆள் உயரம் இருந்தது.

"வந்த எடம் போதுங்க. குழாய அங்கயே விட்ருங்க, நான் அதுவரைக்கும் எறங்கி வர்றேன்," என்றாள் அன்னக்கொடி.

"சும்மா கெட. தொட்டி சிறுசு, அதான் தள்ள மாட்டேங்குது. அகலமாக் கட்டுனா அம்புட்டுத் தண்ணி பாரமும் இந்த ஒல்லிக் குழாய ஒரே அழுத்தா அழுத்தும். வெரசா வாசலுக்கு வந்துரும் பாரு!"

தொட்டி எவ்வளவு அகலமானால் என்ன, அதன் நீர்மட்டத்துக்கு மேல் குழாயில் தண்ணீர் ஏறாது. அதைச் சொல்ல அங்கே ஆளில்லை. சொன்னாலும் அந்தப் பாவி மனிதர் கேட்டிருக்க மாட்டார். கட்டியதை இடித்து, மூன்று மடங்கு அகலத்தில் மறுபடி கட்ட ஆரம்பித்தார். குழாய் காய்ந்து கிடந்தது. மழை பிடித்துக்கொண்டது. பெண்கள் பழையபடி பாறையில் இறங்கினார்கள்.

தொட்டி நிரம்பிய அன்று ஜக்கையன் வாசலில் குழாயருகே குந்தியிருந்தார். ஒரு சொட்டும் வரவில்லை. ஓடைப் பக்கம் கூச்சல் கேட்டது. அன்னக்கொடி பாறையில் வழுக்கி விழுந்திருந்தாள். ஜீப்பில் ஏற்றிப் போடி போய்ச் சேர்வதற்குள் தாயும் போனாள், வயிற்றுப் பிள்ளையும் போனது.

காரியம் முடிந்து மலையேறிய ஜக்கையன் நேரே சரிவுக்குப் போய், மேல் குழாய்களைக் கழற்றி எறிந்தார். முன்பு வந்த அதே இடத்தில் தண்ணீர் கொட்டியது. அத்தனை அகலத்துக்கும் ஒரு விரற்கடைகூட உயரவில்லை.

பக்கத்து வீட்டு மூக்கம்மாள்தான் முதல் குடத்தைப் பிடித்தாள்.

"அண்ணே, இனி யாரும் பாறையில எறங்க வேண்டாம். எங்க உசுரக் காப்பாத்திட்டீக," என்று கும்பிட்டாள்.

ஜக்கையன் தலையில் அடித்துக்கொண்டு, ஓவென்று அழுதார்.