சம்பந்தி வீட்டுக் குழாய்

விவசாயத் துறையிலிருந்து வந்திருந்த ஷீபா, மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் ஊரைவிட்டுப் போனார். நெல்லுக்கு எந்நேரமும் தண்ணீர் நிற்க வேண்டியதில்லை என்று ஒரு வருடமாகச் சொல்லிப் பார்த்தவர். கூட்டம் போட்டார், திரையில் படம் காட்டினார். எல்லோரும் கைதட்டி, போண்டா தின்று, திரும்பிப் போய் வரப்பு வழியத் தண்ணீர் கட்டினார்கள். வாலாஜாபாத் பஸ்ஸில் ஏறும்போது, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் குழாய்கள் சிலவற்றை எங்கள் எதிர்வீட்டுக் கல்பனா அக்காவிடம் கொடுத்தார்.

வயலில் குழாயைப் புதைத்து உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும். தண்ணீர் மண்ணுக்குள் அரை அடி இறங்கிய பிறகு பாய்ச்சினால் போதும். பூக்கும் சமயத்தில் மட்டும் தண்ணீர் நிற்க வேண்டும்.

அக்கா நம்பினார். அவர் மட்டும் நம்பி என்ன பயன்? அவருடைய நிலம் ஏரிக் கால்வாயின் கடைசியில் இருக்கிறது. தலைமடைக்காரர் தாண்டவராயன் தன் வயலை நிரப்பிக்கொண்டே இருந்தால், இவருக்கு வந்து சேர்வது வெறும் ஈரம்தான். நட்ட பயிர் நுனி கருகத் தொடங்கியிருந்தது. தாண்டவராயன் மனம் மாறினால்தான் அக்காவுக்கு அறுவடை.

நேரே போய்ச் சொன்னார்.

"நெல்லு இன்னா பேஷண்டா, டியூப் சொருவி பாத்துக்கினு இருக்கறதுக்கு?" என்றார் தாண்டவராயன். டீக்கடையே சிரித்தது. அக்காவும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்தார்.

வந்ததும் என்னை வண்டியை எடுக்கச் சொன்னார். பல வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்து வீட்டில் உட்காரப் பிடிக்காமல் இருந்த நான், எங்கே என்றுகூடக் கேட்கவில்லை. போனது திருமுக்கூடலுக்கு, தாண்டவராயனின் மகள் இளவரசி வாழ்க்கைப்பட்ட வீட்டுக்கு. அவளுடைய மாமனார் தினகரன், மோட்டார் போட வயலுக்கு நடந்தே சலித்தவர். அலைச்சல் பாதியாகும் என்று மருமகள் சொன்னதும் குழாய்களை வாங்கிக்கொண்டார்.

"எங்க நைனா கேக்க மாட்டாரே, அக்கா" என்றாள் இளவரசி.

"நான் சொன்னா கேக்க மாட்டாரு. சம்பந்தி சொன்னா?"

எங்கள் பக்கம் சம்பந்தி வீட்டுச் சாம்பாரில் உப்பே இல்லாவிட்டாலும் வாய் திறக்க மாட்டார்கள். மாசியில் பேரனுக்குக் காது குத்தினார்கள். விருந்து முடிந்ததும் தினகரன் சம்பந்தியை வயலுக்கு அழைத்துப்போய்க் குழாயைக் காட்டினார். தாண்டவராயன் குனிந்து பார்த்து, அருமை என்றாராம். தாம்பூலத்தோடு இரண்டு குழாய்களும் கிடைத்தன. புதைக்காமல் விட முடியுமா? அடுத்த தடவை சம்பந்தி கேட்பாரே.

சில நாளில் அவரே அக்காவைத் தன் வயலுக்குக் கூப்பிட்டார். "இத்த பாரு கல்பனா, எங்க சம்பந்தி சொன்ன வித்தை" என்று தொடங்கி, அரை அடிக் கணக்குவரை விளக்கினார். அக்கா புதிதாகக் கேட்பவர் போல "அப்படியா மாமா" போட்டுக்கொண்டிருந்தார். நான் தென்னை மரத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன். அன்று சாயங்காலம் கால்வாயில் தண்ணீர் கீழே இறங்கி வந்தது. கருகியது போக மீதிப் பயிர் தேறியது.

பங்குனிக்குள் கால்வாய் நெடுகக் குழாய்கள் முளைத்தன. திருமுக்கூடலில் சம்பந்தி இல்லாதவர்கள் தாண்டவராயனைப் பார்த்துக் குழாய் வைத்துக்கொண்டார்கள்.

அடுத்த வருடம் நவரைப் பட்டத்து நடவு முடிந்த பிறகு, ஒரு காலையில் அக்காவின் போனில் தாண்டவராயனின் குரல் வந்தது: "கல்பனா, என் டியூப்ல இன்னும் தண்ணி கீது. மடைய உன் பக்கம் திருப்பி வுட்டுட்டேன். போதும்னா சொல்லு. இல்லாங்காட்டி நாளைக்கும் வுடறேன்."