பேச்சுக்குத்தான் முதல் இடம்

2009-ஆம் வருஷம், பெரிய வெள்ளிக்கிழமை. அப்போது ஆம்பூரில் எங்கள் வீட்டு முன்னறையில் நாலு கம்ப்யூட்டர் போட்டு பிரவுசிங் சென்டர் நடத்தி வந்தேன். படிப்பு பத்தாவதுதான். இன்டர்நெட் லைன் போட வந்தவர்தான், நெட்டைப் பிரித்துக் கொடுக்கும் ரௌட்டர் பெட்டியில் எந்த வேலைக்கு முதல் இடம், எதற்குக் கடைசி இடம் என்று வைக்கச் சொல்லிக் கொடுத்தார்.

"நெட்ல பேசுறதுக்கு மொதல் எடம் போட்டிருக்கேன்க்கா. படம் நின்னு நின்னு வந்தா பரவால்ல, பேச்சு அப்படி வந்தா ஒண்ணும் புரியாது. இத மட்டும் மாத்திடாதீங்க."

நான் மாற்றினேன். அந்த வருஷம், சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தை தியானத்தை நெட்டில் நேரடியாகக் காட்டினார்கள். கோயிலுக்கு நடக்க முடியாதவர்கள் பத்துப் பதினைந்து பேரை வீட்டு ஹாலுக்கு அழைத்திருந்தேன். படம் நிற்கக் கூடாதே என்று ஹால் கம்ப்யூட்டருக்கு முதல் இடம், மற்றதெல்லாம் கடைசி என்று வைத்தேன். ஜெபம் பண்ணிவிட்டுத்தான் சேவ் பட்டனை அழுத்தினேன்.

தியானம் பாதியில் இருக்கும்போது பின்தெரு முஸ்லிம் பெண் ஓடி வந்தாள். ஷூ கம்பெனியில் தையல் வேலை செய்பவள். இடுப்பில் இரண்டு வயசு மகள். சவுதியில் இருக்கும் புருஷனுக்கு மறுநாள் தொண்டையில் ஆபரேஷன். குரல் திரும்புமா என்று டாக்டரே உறுதி சொல்லவில்லையாம். ஆஸ்பத்திரியில் சேரும் முன்னால் மகளிடம் பேச அங்கே ஒரு சென்டரில் வந்து உட்கார்ந்திருக்கிறார்.

கடை லீவு. இருந்தும் உள்ளே விட்டு, முன்னறைக் கம்ப்யூட்டர் ஒன்றில் அவருக்கு நெட் கால் போட்டுக் கொடுத்தேன். பெரிய உதவி செய்த நினைப்பு எனக்கு.

"அலோ... இன்னாங்க? கேக்கலீங்க... திருப்பிச் சொல்லுங்க!" என்று அவள் கத்திக்கொண்டே இருந்தாள். "ம்மா... ப்பி..." என்று அவர் குரல் துண்டு துண்டாக வந்தது.

எனக்குக் காரணம் தெரியும். மாற்றி வைக்க இரண்டு நிமிஷம் போதும். ஆனால் ரௌட்டர் நின்று கிளம்பும்வரை ஹாலில் படம் போய்விடும். இத்தனை பேர் கண்ணீரோடு ஜெபத்தில் இருக்கும்போது எப்படி நிறுத்துவது என்று இருந்துவிட்டேன்.

எழுந்து வந்தவள் ஹாலை எட்டிப் பார்த்தாள். "இன்னிக்கி உங்க பெரிய நாளு. நடக்கட்டும்க்கா, நான் வீட்ல போன் வருதான்னு பாக்குறேன்." அந்த போன் வரவேயில்லை. நாங்கள் ஏழு வார்த்தையையும் தடங்கல் இல்லாமல் கேட்டு முடித்தோம்.

அவள் புருஷன் பிழைத்து ஊர் திரும்பினார். குரல் மட்டும் இல்லை. இன்றைக்கும் என்னைப் பார்த்தால் நெஞ்சில் கை வைத்துச் சிரிக்கிறார்.

மகள் காலேஜ் போகிறாள். போன மாதம் ஜெராக்ஸ் எடுக்க வந்தவள் கேட்டாள்: "ஆன்ட்டி, எங்கப்பா பேசி நீங்க கேட்டிருக்கீங்களா? எப்படி இருக்கும்?"

"கேட்டிருக்கேன்மா, நல்லா இருக்கும்" என்றேன். அதைத் துண்டு துண்டாக்கியது நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. அதிலிருந்து கோயிலில் மண்டியிடும்போதெல்லாம், பக்கத்தில் யாராவது எனக்காகக் காத்து நிற்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடுகிறேன்.