கூனன்பொற்றை லைனும் தங்கராஜ் அண்ணனும்

தங்கராஜ் அண்ணன் இறந்த செய்தியை அவர் மகன் முருகன்தான் போனில் சொன்னான். காலை நேரம். அருமனையில் மகள் வீட்டு அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தேன். "அத்தே, அப்பா போயிட்டாவ. ஆஸ்பத்திரியில வச்சுத்தான். பொழுது சாயதுக்குள்ள எடுத்திருவோம்," என்றவன், கொஞ்சம் நிறுத்திவிட்டு, "வண்டி ஒண்ணும் உள்ள வராது. மெயின் ரோட்டுல எறங்கி நடந்துதான் வரணும், கேட்டியளா," என்றான். பாதி ஆயுசைக் கூனன்விளையில் கழித்தவளிடம் இதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் எங்கள் ஊர்க்காரர்கள் கல்யாணத்துக்குக் கூப்பிட்டாலும் சாவுக்குக் கூப்பிட்டாலும் இதைச் சொல்லாமல் போனை வைக்க மாட்டார்கள்.

இதை வாசிக்கிறவர்களில் பலர் அவருடைய ரயில் கமிட்டியில் இருந்தவர்கள். அவரைப் பற்றி நீங்கள் என்ன பேசுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். இன்று மட்டும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஊருக்குப் புதியவர்களுக்காக முதலில் அந்த லைனின் கதையைச் சொல்லிவிடுகிறேன். அதை விட்டுவிட்டு அவரைப் பற்றிப் பேச முடியாது.

நாகர்கோவிலுக்கு ரயில் போட்ட காலத்தில் தண்டவாளத்துக்கு அடியில் கொட்டுவதற்கு ஜல்லி வேண்டியிருந்தது. எங்கள் ஊரின் மேற்கே கூனன்பொற்றை என்று ஒரு கருங்கல் குன்று இருந்தது. அதை உடைத்துக் கொண்டுபோக மெயின் லைனிலிருந்து ஒரு கிளை போட்டார்கள். காலாற நடந்தால் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிற நீளம்தான். ஊருக்குள் வர அப்போது ஒரே வழி. ஒரு பக்கம் குளம், மறு பக்கம் ஏலா என்று நாங்கள் சொல்லும் வயல், இரண்டுக்கும் நடுவில் ஒரு மாட்டு வண்டித் தடம். லைனை அந்தத் தடத்தின் மேலேயே போட்டார்கள். ஊரில் ஒருவரும் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரயிலே வரும்போது மாட்டு வண்டி எதற்கு என்று இருந்துவிட்டோம்.

கல் ஏற்றிப் போகிற அந்த ரயிலுக்கு ஊரில் கல்லுவண்டி என்று பெயர். அதில் ஆள் ஏறக் கூடாது. தங்கராஜ் அண்ணனுக்கு வாழைக்குலை வியாபாரம். தடம் போனதால் குலைகளைச் சந்தைக்கு எப்படிக் கொண்டுபோவது என்று தெரியாமல் இரண்டு நாள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் கடைசிப் பெட்டியில் நின்ற கார்டிடம் போய், ஒரு செந்துளுவன் குலையை உள்ளே வைத்துவிட்டுத் தானும் ஏறி நின்றார். கார்டு பாலக்காட்டுக்காரர், கோபக்காரர். இறங்கச் சொன்னார். "நான் ஏறல்ல சாரே, குலதான் ஏறுது. குலைக்குத் தொணைக்கு ஒரு ஆளு வேண்டாமா?" என்றார் இவர். கார்டு சிரித்துவிட்டார். கோபக்காரர்களைச் சிரிக்க வைத்தால் பாதி வேலை முடிந்தது என்பது தங்கராஜ் அண்ணனின் கணக்கு.

அன்றிலிருந்து ஊரே குலைக்குத் துணை போகத் தொடங்கியது. பள்ளிக்கூடப் பிள்ளைகள், ரேஷனுக்குப் போகிறவர்கள், மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் கையில் ஒரு பழத்தையாவது வைத்துக்கொண்டு ஏறுவார்கள். வெறுங்கையோடு வந்தால் கார்டே, "பழம் எவிடே?" என்று கேட்பார். என் தலைப்பிரசவத்துக்கு மடியில் ஒரு சீப்பு மட்டிப்பழத்தோடுதான் நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வலியில் பாதியைப் பிய்த்து எறிந்துவிட்டேன் என்று கமலம் மைனி ரொம்ப நாள் சொல்லிச் சிரித்தார். கமலம் மைனி, தங்கராஜ் அண்ணனின் மனைவி. எனக்குக் கூடப்பிறக்காத அக்கா.

குன்று எத்தனை காலம் நிற்கும்? உடைக்க உடைக்க அது தரைமட்டமாகி, பிறகு தரைக்குக் கீழேயும் போய், பச்சைத் தண்ணீர் நிற்கிற குழியாக மாறியது. ஒரு நாள் கல்லுவண்டி வரவில்லை. மறு நாளும் வரவில்லை. வராது என்று எங்களிடம் சொல்லவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தண்டவாளத்தை அப்படியே போட்டுவிட்டுப் போனார்கள். குன்று போயிற்று, தடம் போயிற்று, ரயிலும் போயிற்று. லைன் ஓரத்தில் சைக்கிள் போகிற அகலத்தில் ஒரு ஒற்றையடிப் பாதை எங்களுக்கு மிஞ்சியது.

அப்போது அவர் ஆரம்பித்ததுதான் ரயில் கமிட்டி. கல்லுவண்டி போனால் என்ன, தண்டவாளம் கிடக்கிறதே, பயணிகள் ரயில் விடச் சொல்லிக் கேட்போம் என்றார். கேட்டோம். கேட்டுக்கொண்டே இருந்தோம். வருடத்துக்கு ஒரு முறை, ஓணம் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, ஊரே மண்வெட்டியும் வெட்டுக்கத்தியுமாக இறங்கி லைனில் முளைத்த புல்லையும் முள்ளையும் வெட்டிச் சுத்தம் செய்யும். அதற்கு லைன்வெட்டு என்று பெயர். மத்தியானம் மரச்சீனியும் சாளைமீன் கறியும். "காடு புடிச்சுக் கெடந்தா, வாற ஆபீசரு இது செத்த லைனுன்னு எழுதிட்டுப் போயிருவான். மூச்சு இருக்குன்னு காட்டணும் மக்கா," என்பார். ஆபீசர் யாரும் வரவில்லை. லைன்வெட்டு மட்டும் தவறாமல் நடந்தது.

பஞ்சாயத்து மெம்பர் ஒருவர் ஒரு தேர்தல் சமயத்தில் வந்து, தண்டவாளத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தார் ரோடு போட்டுத் தருவதாகச் சொன்னார். ஊர் கூடியது. இளவட்டங்களுக்கு ரோடுதான் வேண்டும். தங்கராஜ் அண்ணன் எழுந்து, "தண்டவாளம் கெடக்கது வரைக்கும்தான் ரயில் வருமான்னு கேக்க நமக்கு வாயி இருக்கு. அத எடுத்தா பொறவு ஒருக்காலும் வராது. ரோடு எல்லா ஊருலயும் கெடக்கு. லைனு எத்தன ஊருல கெடக்கு?" என்றார். பேச்சில் அவரை ஜெயிக்க முடியாது. ரோடு வேண்டாம் என்று ஊர் எழுதிக் கொடுத்தது. நீங்களும் நானும்தான் கையெழுத்துப் போட்டோம். இதை இப்போது பலரும் மறந்துவிட்டார்கள்.

கமலம் மைனிக்கு நெஞ்சுவலி வந்தது ஒரு மழை நாளின் மத்தியானத்தில். ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டில் வந்து நின்றது. உள்ளே வர வழியில்லை. பாதை முழுக்கச் சேறு. கல்லுவண்டிக் காலத்தில் விட்டுவிட்டுப் போன ஒரு டிராலி, நான்கு சக்கரமும் ஒரு பலகையும், குழிப் பக்கம் கிடந்தது. அதைத் தூக்கித் தண்டவாளத்தில் வைத்து, மைனியைப் படுக்க வைத்து, குடை பிடித்துத் தள்ளினோம். சக்கரம் நன்றாகத்தான் உருண்டது. குளத்தங்கரை ஓடைப் பாலத்தில் தண்டவாளத்தின் ஒரு துண்டை யாரோ பழைய இரும்புக்காரனுக்கு அறுத்து விற்றிருந்தார்கள். டிராலியை அங்கே நிறுத்தி, மைனியைக் கீழே இறக்கி, அந்தப் பக்கம் தூக்கிக்கொண்டு போவதற்குள் மைனி என் கையைப் பிடித்திருந்த பிடியை விட்டுவிட்டார். அண்ணன் மட்டும் நம்பாமல், "பைய, ஏலே, பைய தூக்குங்கலே, அவளுக்கு நோவும்," என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

மைனியின் பதினாறாம் நாள் காரியமான அடியந்திரம் முடிந்த கையோடு அதே மெம்பர் மறுபடியும் வந்தார். அப்போதும் தேர்தல். இனி தங்கராஜ் அண்ணன் மறுக்க மாட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவர், "இப்போ ரோட்டுக்குச் சரின்னு சொன்னா, அன்னைக்கே சொல்லியிருக்கலாமே? அப்போ எம்பெண்டாட்டிய ஆரு கொன்னது?" என்றார். மெம்பர் எழுந்து போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. மனைவியைக் கொடுத்த பிறகும் வீம்பா என்று முகத்துக்கு நேராகக் கேட்டேன். "ஆமா ஏட்டி, வீம்புதான். அது மட்டுந்தான் இப்போ எனக்கிட்ட இருக்கு," என்றார். அதன் பிறகு லைன்வெட்டுக்கு ஆள் வருவது குறைந்தது. கடைசி வருடங்களில் அவர் ஒருவரே வெட்டினார்.

பிறகு ஒரு நாள் நான்கு பேர் கருவிகளோடு வந்து லைனை அளந்தார்கள். அண்ணன் கமிட்டி ஆட்களையெல்லாம் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டார். அன்று அவருக்கு இருந்த பரபரப்பையும் வெப்ராளத்தையும் பார்க்க வேண்டும். சட்டைப் பொத்தானைக்கூட மாற்றிப் போட்டிருந்தார். வந்தவர்களுக்கு இளநீர் வெட்டினோம், ஏத்தம்பழம் கொடுத்தோம். "ரயில் எப்போ விடுவிய சார்?" என்று அவர் கேட்டார். அவர்களில் மூத்தவர் திகைத்துப் போய், தாங்கள் ரயில் விட வந்தவர்கள் இல்லை, இரும்பு ஏலம் எடுத்த பார்ட்டி என்றார். "ஆனா இவ்வளவு சுத்தமா ஒரு லைனை நான் எங்கயும் பாத்ததில்ல பெரியவரே. எங்களுக்குப் பாதி வேலை மிச்சம்," என்று மனதாரப் பாராட்டினார். ஒரு வாரத்தில் தண்டவாளம் முழுக்கப் போய்விட்டது. பின்னாலேயே ரயில்வேக்காரர்கள் வந்து, இடம் தங்களுடையது என்று இரண்டு பக்கமும் சிமென்ட் கல் நட்டு, ரோடும் போட முடியாதபடி அடைத்துவிட்டுப் போனார்கள்.

நான் அருமனைக்குக் குடிமாறிய பிறகு, போன சித்திரையில் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். உடம்பு ஒட்டிப் போயிருந்தது. குலை வியாபாரம் நின்று வெகு காலம் ஆகிவிட்டது. தேங்காய் போட்டு வைத்த மீன்கறியை எடுத்து வைத்து, என்னைச் சாப்பிடச் சொன்னார். நான் சாப்பிடும்போது, "மக்கா, உள்ளதச் சொல்லு. அன்னைக்கு நான் சரின்னு சொல்லியிருந்தா ரோடு வந்திருக்குமா? கமலம் இருந்திருப்பாளா?" என்று கேட்டார். அவர் யாரிடமும் எதையும் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. எனக்குத் தெரியவில்லை அண்ணே என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை, உண்மை என்னவென்றும் தெரியவில்லை. "எனக்குத் தெரியும். வந்திருக்கும்," என்று சொல்லிவிட்டுக் கை கழுவத் தண்ணீர் கொண்டுவரப் போனார்.

அவரை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த வண்டி மெயின் ரோட்டிலேயே நின்றது. பெட்டியைத் தோளில் மாற்றி மாற்றித் தூக்கி வந்தார்கள். நான் பின்னால் நடந்தேன். தூக்கி வந்த பிள்ளைகளில் ஒருவன், "எல்லாம் இந்த ஆளுக்க வீம்பு. இவருதான் ரோட்ட முடக்கினாரு. இப்போ பாரு, நாம சொமக்கோம்," என்றான். இன்னொருவன் மூச்சு வாங்கிக்கொண்டே ஆமாம் என்றான். முருகன் காதிலும் அது விழுந்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டு நடந்தான்.

வீட்டை ஒட்டிய விளையில், மைனியைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே குழி. எல்லாம் முடிந்து, குளித்துவிட்டு வந்தவர்களுக்குக் கட்டன்சாயா கொடுத்துக்கொண்டிருந்தபோது அந்தப் பழைய மெம்பரைப் பார்த்தேன். அவருக்கும் வயதாகிவிட்டது. கைத்தடியோடு வந்திருந்தார். அண்ணன் என்னிடம் கேட்டதை நான் அவரிடம் கேட்டேன். அன்றைக்கு அண்ணன் சரி என்று சொல்லியிருந்தால் ரோடு வந்திருக்குமா?

அவர் சுற்றிலும் ஒரு முறை பார்த்தார். "ரயில்வே எடத்துல பஞ்சாயத்து எப்பிடி அக்கா ரோடு போடும்? ஒரு ஆர்டரும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. எலக்சன் நேரம் வருவோம், சொல்லுவோம். இந்த மனுசன் வேண்டாம்னு சொல்லித்தான் ரெண்டு தடவையும் என்னையக் காப்பாத்தினாரு. சரின்னிருந்தா நான் முழிச்சிருப்பேன்." சாயாவை ஊதிக் குடித்தார். பிறகு, "பாவம், நல்ல மனுசன்," என்றார்.

இதை நான் முருகனிடம் சொன்னேன். பெட்டி தூக்கிய பிள்ளைகளிடமும் சொன்னேன். இப்போது உங்களுக்கும் எழுதிவிட்டேன். வராத ரோட்டைத் தடுத்ததற்காக ஒரு மனிதரை ஊர் இத்தனை வருடம் ஏசியது. அதே ரோட்டுக்காக அவரும் தன்னையே மனைவியைக் கொன்றவனாக நினைத்துக்கொண்டு வாழ்ந்து செத்தார். தங்கராஜ் அண்ணன் என்னிடம் விட்டுப்போனது அந்த ஒரு கேள்விதான். அதற்குப் பதில் கிடைத்தபோது அவர்மேல் போட்ட மண்ணின் ஈரம் காயவில்லை.