குரல் உடையும் இடம்

விழுப்புரத்தில் ஆர்கெஸ்ட்ராவில் பாடிக்கொண்டிருந்த நாட்களில் எனக்குக் கைதட்டல் வாங்கித் தந்தது ஒரே ஒரு மாதா பாட்டுதான். கேசட்டில் அதைப் பாடிய அக்கா பிறகு எங்கும் பாடவில்லை. ஆனால் எங்கள் பக்கத்து மேடைகளில் அந்தப் பாட்டைப் பாடாதவர்கள் இல்லை. இரண்டாவது சரணத்தில் குரல் சட்டென்று உடைந்து எழும்பும் ஒரு சங்கதி உண்டு. கேசட் தேயுமளவுக்குக் கேட்டு அதை அப்படியே பிடித்திருந்தேன்.

திண்டிவனத்தில் ஒரு மாதா கோயில் திருவிழா. மேடையேறும்போது கீபோர்டுக்காரர் என் காதில் சொன்னார்: "முன்வரிசையில பச்சப் புடவை கட்டிக்கினு இருக்காங்களே, அந்தப் பாட்டப் பாடின அக்கா அவங்கதான். உஷாரு."

அந்தப் பாட்டையே எடுத்தேன். முதல் சரணம் முடியும்வரை அந்த அக்கா அசையவே இல்லை. எனக்கு வீம்பு வந்தது. அந்தச் சங்கதியை இன்னும் இழைத்துப் பாடினேன். கூட்டம் விசிலடித்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

இறங்கியதும் அவரிடம் ஓடினேன். "தப்பா பாடிட்டேனாக்கா?"

"அது சங்கதியே இல்ல தம்பி. ரெக்கார்டிங் அன்னிக்கு என் கைக்கொழந்த வெளிய பாலுக்கு அழுதுகினு இருந்துச்சு. அதக் கேட்டுக்கினே பாடினேன், தொண்ட அடைச்சிக்கிச்சு. இன்னொரு வாட்டி பாடுறேன்னேன். நேரமில்லன்னுட்டாங்க."

ஒரு குழந்தையின் பசிக்கு அத்தனை வருடம் கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு அந்த இடத்தை நேராகவே பாடுகிறேன். போன திருவிழாவில்கூட ஒருவர் கோபமாக வந்தார்.

"இன்னாங்க, முக்கியமான சங்கதியையே வுட்டுட்டீங்க?"

"ஆமாங்க, வுட்டுட்டேன்" என்றேன்.