பதினோரு பெயர்கள்

கடல் கடந்து வந்த வைரவன் செட்டியாரின் வட்டிக்கடையில் சேதுராமன் பதினாறு வருஷம் கணக்கு எழுதினார். அத்தனை வருஷத்தில் ஒரு சல்லிக்காசு கையாடியதில்லை, ஒரு தொகையைத் தப்பாகக் கூட்டியதில்லை. நல்ல மனிதர்தான். ஆனால் நல்ல மனிதர்களை நம்பித்தான் பாதிக் குடும்பங்கள் தெருவுக்கு வருகின்றன. அதை அவர்களிடம் யார் போய்ச் சொல்வது?

அன்றன்றைய கொடுக்கல் வாங்கல் முதலில் குறிப்பேட்டில் ஏறும். மாலையில் பேரேட்டில் ஆள்வாரியாகப் பிரியும். கடையில் பணம் வாங்கினவன் பெயரில் பற்று, கடையில் பணம் போட்டவன் பெயரில் வரவு. பற்றுக்காரன் திருப்பித் தரவேண்டியது கடைக்குச் சொத்து. வரவுக்காரனுக்குக் கடை திருப்பித் தரவேண்டியது பொறுப்பு. சொத்தில் பொறுப்பைக் கழித்தால் மிஞ்சுவதுதான் முதலாளியின் முதல். சித்திரை பிறந்தால் இதையெல்லாம் ஒரே தாளில் இறக்கி ஐந்தொகை போடுவார். இரண்டு பக்கமும் சரியாக நின்றதும் பேனாவைத் துடைத்து வைத்துவிட்டு ஒரு வெற்றிலை போடுவார் பாருங்கள், அந்த முகத்தில் அப்படியொரு நிம்மதி!

புதுப் பேரேட்டுக்கு மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு, முதல் வரியில் ‘லாபம்’ என்று எழுதுவது கடையின் வழக்கம். அப்படித் தொடங்கிய ஏட்டில் நட்டம், வராக்கடன் என்ற சொற்கள் ஏறக்கூடாது. “அந்த வார்த்தைய எழுதினா லட்சுமி எந்திரிச்சுப் போயிருவா, சேது” என்பார் செட்டியார். சேதுராமனும் அதை நம்பினார்.

ஜப்பான்காரன் காலம் வந்தது. கடையில் கடன் வாங்கியிருந்தவர்களில் பதினோரு பேர் இல்லாமலே போனார்கள். புக்கிட் ரம்பாய் மாட்டுவண்டிக் குத்தகைக்காரரைச் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துப்போனார்கள், திரும்பவில்லை. குருபோங் பழத்தோட்டக்காரர் காய்ச்சலில் செத்தார், பிள்ளைகுட்டி கிடையாது. செத்தவன் எங்கிருந்து வட்டி கட்டுவான்? சேதுராமனோ ஒவ்வொரு சித்திரையிலும் அந்தப் பதினோரு பெயரையும், ஏறிய வட்டியோடு, அழகான கையெழுத்தில் புதுப் பேரேட்டுக்கு மாற்றினார். அந்த வட்டிதான் கடையின் லாபம்! ஐந்தொகை என்னவோ காசு பிசகாமல் நின்றது. நிற்காமல் என்ன செய்யும்? பொய்யையும் இரண்டு பக்கம் ஒழுங்காக எழுதினால் நிற்கத்தான் செய்யும்.

எழுதினவரே அதை நம்பியதுதான் கொடுமை. சம்பளத்தில் பாதியை மாதாமாதம் தன் பெயரில் வரவு வைத்தார். காஜா பெராங்கில் வாடகைக்கு இருந்த பலகை வீட்டை விலைக்கு வாங்கவேண்டும் என்று மனைவி பொன்னம்மாவுக்கு ஆசை. வீட்டுக்காரர் மருதமுத்து ஆயிரத்து ஐந்நூறு வெள்ளி கேட்டார். இன்னும் கொஞ்சம் வட்டி ஏறட்டும் என்று சேதுராமன் தள்ளிப்போட்டார். விதவைத் தங்கை கமலவேணி பாசார் சந்தையில் ஆப்பம் சுட்டுச் சேர்த்த பணத்தையும் சேதுராமனே கடையில் போடச் சொன்னார். “ஐந்தொகை என் கையில இருக்கு, பயப்படாதே” என்றார்.

சுதந்திரம் வந்த ஐம்பத்தேழாம் வருஷம், பண்டார் ஹிலிரில் தோரணம் கட்டிக்கொண்டிருந்த வாரத்தில், செட்டியார் கடையை மூடிவிட்டு ஊருக்குக் கப்பலேற முடிவு செய்தார். வரவேண்டியதையெல்லாம் வசூலித்துப் பார்த்தால் பெட்டியில் நாலாயிரத்து முந்நூற்றுப் பத்து வெள்ளி இருந்தது. கமலவேணி உட்பட வெளியார் ஐந்து பேருக்குக் கடை தரவேண்டியது நாலாயிரத்து இருநூற்று எண்பது. சேதுராமனுக்குத் தனியாக இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது. ஏட்டில் இருந்த மீதிச் சொத்தெல்லாம் அந்தப் பதினோரு பெயர்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

“என் முதல் போனாப் போகுது, சேது. இருக்கிறத எல்லாருக்கும் விகிதப்படி பிரிச்சுரு. உனக்கும் எடுத்துக்க” என்றார் செட்டியார்.

விகிதப்படி என்றால் நூறு காசான ஒரு வெள்ளிக்கு அறுபத்திரண்டு காசு. கமலவேணியின் ஆயிரத்து நூற்றைம்பது எழுநூற்றுச் சொச்சமாகிவிடும். சேதுராமன் ஆறு பேருக்கும் பட்டியல் எழுதினார். பிறகு தன் பெயரை அடித்தார். ஐந்து பேருக்கும் முழுசாகக் கொடுத்தார். மிஞ்சிய முப்பது வெள்ளியைச் செட்டியாரின் கப்பல் செலவுக்கு வைத்தார். கடைசியாகப் பேரேட்டைத் திறந்து, பதினோரு பெயருக்கு எதிரேயும் வராக்கடன் என்று எழுதினார். எழுத்துக் கோணியது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பே எழுதியிருக்கவேண்டிய சொல்.

வீட்டில் பொன்னம்மா வெடித்தாள். “விகிதப்படி பிரிச்சா நமக்கும் ஆயிரத்து அறுநூறு வந்திருக்குமே! வீடு கைக்கு வந்திருக்குமே! அதுல என்னங்க பாவம்?”

“எழுதினவன் நான். அவங்க என் எழுத்தை நம்பினவங்க” என்றார் சேதுராமன்.

“நானும் நம்பினவதானே?” என்று கேட்டாள் பொன்னம்மா. மருதமுத்து வீட்டை வேறொருவருக்கு விற்றார். மாதக் கடைசிக்குள் காலி செய்யவேண்டும்.

சாமான் கட்டிக்கொண்டிருந்தபோது கமலவேணி வந்தாள். முந்தானையிலிருந்து கைக்குட்டை முடிச்சை எடுத்து அண்ணன் முன்னால் வைத்தாள். அவர் கொடுத்த ஆயிரத்து நூற்றைம்பது வெள்ளி, முடிச்சு அவிழ்க்காமல் அப்படியே இருந்தது.

“செட்டியாருங்க கடை கடையா மூடி, ஊரே பணம் போச்சுன்னு அழுவுது. எனக்கு மட்டும் ஒரு காசு குறையல. நீ கணக்குல இருந்ததாலதாண்ணே! இதையும் நீயே நல்ல இடமாப் பாத்துப் போட்டுடு” என்றாள்.

உள்ளே பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்த பொன்னம்மாவின் கை நின்றது. அவள் வெளியே வந்து, வீட்டுப் பணம் போனதைச் சொல்லிவிடுவாளோ என்று சேதுராமன் உள்பக்கம் பார்த்தார். அவள் வரவில்லை. முடிச்சை எடுத்துத் தங்கையின் கையிலேயே வைத்து மூடினார்.

“தபால் ஆபீஸ்ல போடும்மா.”

“அங்க வட்டி கம்மியாச்சேண்ணே?”

“கம்மிதான்” என்றார் சேதுராமன். “ஆனா அங்க கணக்கு எழுதறது நானில்ல.”

அண்ணன் வேடிக்கை பேசுகிறார் என்று கமலவேணி சிரித்துக்கொண்டே போனாள்.