சிவப்பு மூடி, நீல மூடி

1. ஆறு வாரம்

பேராசிரியர் கதிரேசன் ஒரு திங்கட்கிழமை காலை ஆய்வுகூடத்துக்குள் வந்தார். மழைக்கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"சிவா, அவுஸ்திரேலியா வேலை சரியாயிடுச்சு. ஆறு கிழமைல போறேன். எனக்குப் பிறகு இத நடத்த ஆள் போட மாட்டாங்களாம். மூடிக் குடுத்திடுங்க."

எங்கள் ஆய்வுகூடம் மலையகத்தில் நோர்வூட்டுக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்தின் பழைய பங்களாவில் இருந்தது. பல்கலைக்கழகத்தின் பிரதான வளாகத்துக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். தேயிலைக் கொழுந்திலும் மண்ணிலும் எவ்வளவு உலோகம், எவ்வளவு பூச்சிமருந்து தங்கியிருக்கிறது என்று பார்ப்பது எங்கள் வேலை. நான் டெக்னிக்கல் ஒபிசர். இருபத்தாறு வருட அனுபவம். என்னுடன் லேப் அட்டென்டன்டாக கமலா இருந்தாள். பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து நடந்து வருவாள். கணவன் இல்லை, ஒரு மகள் பள்ளிக்கூடத்தில். பதினொரு வருடமாக கெசுவல், நிரந்தரமில்லாத வேலை.

பேராசிரியர் அவளுக்கு ஒரு நல்ல காரியம் செய்து வைத்திருந்தார். ஆய்வுகூடம் ஒழுங்காக மூடப்பட்டு, மூடிய அறிக்கை ஏற்கப்பட்டதும், கமலாவைப் பிரதான வளாகத்தில் நிரந்தரமாக எடுத்துக்கொள்வதாக ஒரு கடிதம் தயாராகிக் கையெழுத்தும் ஆகியிருந்தது. அது நிர்வாகக் கட்டடத்து மேசை ஒன்றில் காத்திருந்தது.

அன்று மத்தியானம் கமலா என்னிடம் கேட்டாள்: "சார், மூடுறதுல ஏதும் குத்தம் கண்டுபிடிச்சா அந்த லெட்டர் நின்னுடுமா?"

"குத்தம் வராம நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

2. முதலில் அனுப்பியவை

ஆய்வுகூடம் மூடுவது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆரம்பிப்பதற்குப் பயிற்சி உண்டு, மூடுவதற்கு ஒரு படிவம் மட்டும் உண்டு. நான்கு பக்கம். கடைசிப் பக்கத்தில், "எல்லா இரசாயனங்களும் அடையாளம் காணப்பட்டு அகற்றப்பட்டன" என்று ஒரு வரியும், கையெழுத்துக்கு ஒரு கோடும் இருந்தன.

பேராசிரியர் நான்காம் வாரமே கொழும்புக்குப் போய்விட்டார். விசா, வீட்டுச் சாமான், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ் என்று அவருக்கு ஆயிரம் வேலை. தொலைபேசியில் கேட்டால், "உங்களுக்குத் தெரியாததா சிவா" என்பார். அது எனக்குப் பெருமையாக இருந்தது. அவர் மேல் இப்போது எனக்குக் குறையில்லை. தெரியாது என்று நான்தான் சொல்லியிருக்க வேண்டும்.

வளாகத்திலிருந்து வேன் வந்தபோது நல்ல நிலையில் இருந்த சாமான்களை முதலில் கேட்டார்கள். தராசு, ஹொட்பிளேட், புதிதாக வாங்கிய பாதுகாப்புக் கண்ணாடிகள், முகக்கவசம் எல்லாவற்றையும் பெட்டி கட்டி ஏற்றினோம். கண்ணாடிப் பெட்டியைத் தூக்கும்போது கமலா சிரித்தாள்.

"இதெல்லாம் போயிட்டா மிச்ச வேலைக்கு நாங்க எத மாட்டுறது? முந்தானையா?"

"மிச்சம் கழுவுற வேலைதானே" என்றேன்.

இதைப் படிக்கும் இளையவர்கள் கவனிக்க வேண்டும். மூடும்போது பாதுகாப்புச் சாமான்கள் கடைசி வண்டியில் போக வேண்டும். நான் முதல் வண்டியில் அனுப்பினேன்.

3. பூஞ்சை

எங்கள் ஊர்ப் பனியில் காகித லேபல் மூன்று மாதம் தாங்காது. பசை இளகும், எழுத்துக் கரையும், பச்சைப் பூஞ்சை ஏறும். அதனால் எங்களுக்கென்று ஒரு பழக்கம் இருந்தது. கழிவுப் போத்தல்களில் லேபல் ஒட்ட மாட்டோம். மூடியில் எனாமல் பெயின்ட் பூசுவோம். சிவப்பு என்றால் நைட்ரிக் அமிலக் கழிவு. நீலம் என்றால் மெதனோல், அசற்றோன் போன்ற கரைப்பான் கழிவு. போத்தல்கள் எல்லாம் ஒரே மாதிரி, கபில நிறக் கண்ணாடி. மூடி போனால் உள்ளே என்ன என்று தெரியாது. இந்தப் பழக்கத்தைத் தொடங்கியவன் நான். எந்தக் கையேட்டிலும் அது இல்லை.

வியாழக்கிழமை ஆய்வுகூடத்தைப் பார்வையிட வளாகத்திலிருந்து மூன்று பேர் வருவதாக அறிவித்தார்கள். செவ்வாய்க்கிழமை நான் போத்தல் வரிசையைப் பார்த்தேன். மூடிகளில் பூஞ்சை திட்டுத் திட்டாக இருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"கமலா, மூடியெல்லாம் கழட்டி பேசின்ல போட்டுக் கழுவு."

அவள் அசையவில்லை. "ஒண்ணொண்ணா கழட்டிக் கழுவி மாட்டுறேன் சார். மொத்தமா கழட்டுனா மாறிப்போகும்."

"நாப்பது போத்தலையும் ஒண்ணொண்ணா கழுவினா வியாழக்கிழமையும் கழுவிட்டே நிப்ப. மொத்தமா போடு."

"நீங்க சொன்னா சரி சார். நான் சொன்னத மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க."

கழுவினாள். வெயிலே இல்லாத அந்த நாளில் மூடிகளை ஜன்னல் ஓரத்தில் துணி விரித்துக் காய வைத்தாள். போத்தல்கள் இருந்த வரிசையை அவள் மனதில் வைத்திருந்தாள். ஆனால் இடையில் நான் மேசையைக் காலி செய்ய வேண்டுமென்று போத்தல்களை நகர்த்தியிருந்தேன்.

புதன்கிழமை கழிவு ஏற்றும் கம்பனிக்காரர் பேசினார். அரைப் போத்தல், கால் போத்தலாக எடுக்க மாட்டார்களாம், நிரப்பித் தரச் சொன்னார். நான் படிவத்தை நிரப்பிக்கொண்டே, "சிவப்ப சிவப்போட ஊத்து, நீலத்த நீலத்தோட ஊத்து" என்றேன்.

"சார், மூடி சரியா இருக்குன்னு நம்பலாமா?"

நம்ப முடியாது என்று எனக்குத் தெரியும். ஒரு pH தாளை எடுத்து நனைத்துப் பார்த்தால் அரை நிமிடத்தில் அமிலம் எது என்று தெரிந்திருக்கும். தாள் என் மேசை இழுப்பறையிலேயே இருந்தது. நான் தலை நிமிரவில்லை. "நம்பு" என்றேன்.

நைட்ரிக் அமிலமும் மெதனோலும் சேர்ந்தால் உடனே ஒன்றும் நடக்காது. மெதுவாகச் சூடேறும், வாயு பெருகும், மூடி இறுகியிருந்தால் போத்தல் வெடிக்கும். கால் மணி நேரம் கழித்து, ஒரு போத்தல் சீறுகிறது என்று கமலா சொன்னாள். நான் எழுந்து வருவதற்குள் மூடியைத் தளர்த்த அவள் குனிந்துவிட்டாள்.

தண்ணீர்க் குழாயின் கீழ் அவள் முகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தோட்டத்து லொறியில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வலது கண் போய்விட்டது.

4. மொழிபெயர்ப்பு

விசாரணை இரண்டு மாதம் கழித்து வளாகத்தில் நடந்தது. விசாரணைக் குழுவில் மூன்று பேர் இருந்தார்கள். ஆங்கிலத்திலும் கொஞ்சம் சிங்களத்திலும் கேட்டார்கள். கமலாவுக்குக் கடைத்தெருச் சிங்களம்தான் தெரியும். "நீங்களே மொழிபெயர்த்துச் சொல்லுங்கள்" என்று தலைவர் என்னைக் கேட்டார். நான் மறுத்திருக்கலாம்.

மூடிகளை ஏன் கழற்றினாள் என்று கேட்டார்கள். கமலா எழுந்து நின்றாள். கண்ணில் கட்டு இருந்தது. அவள் சொன்னது இது:

"மூடியெல்லாம் மொத்தமா கழட்டச் சொன்னாங்க. மாறிப்போகும்னு நான் சொன்னேன். பரவாயில்ல, கழுவுன்னு சொன்னாங்க. கழுவினேன்."

யார் சொன்னது என்று அவள் சொல்லவில்லை. என் பெயரை என் முன்னால் சொல்லக் கூச்சப்பட்டாள். அதை நானே சொல்லிக்கொள்வேன் என்று நினைத்து என் முகத்தைப் பார்த்தாள்.

நான் ஆங்கிலத்தில் சொன்னது இது: மூடிகளைக் கழற்றிக் கழுவினாள். அவை மாறிப்போகும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அவ்வளவுதான். தலைவர் எழுதிக்கொண்டார். அபாயம் தெரிந்தும் கவனக்குறைவாக நடந்தாள் என்று அறிக்கை வந்தது. அந்த மேசையில் காத்திருந்த கடிதம் ரத்தானது. கெசுவல் வேலையும் ஆய்வுகூடத்தோடு முடிந்தது. பங்களாவின் சாவியை நான் ஒப்படைத்தேன். படிவத்தின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்தும் போட்டேன். அடுத்த வருடம் மாலை போட்டு, கேக் வெட்டி, என்னை ஓய்வுக்கு அனுப்பினார்கள்.

5. கடையின் பின்புறம்

ஓய்வு பெற்றுச் சில வருடங்கள் கழித்து, போன மாதம்தான் அவளைத் தேடிப் போனேன். கொழுந்து எடுக்கப் போய், சரிவில் கால் வைக்கும் ஆழம் தெரியாமல் இரண்டு முறை விழுந்தாளாம். இப்போது நோர்வூட் டவுனில் ஒரு பலசரக்குக் கடையில் மிளகு, மல்லி பொதி கட்டுகிறாள். கடைக்காரர் ஒரு முஸ்லிம் அண்ணன், ஊரார் வாயில் நானா. நான் யார் என்று சொன்னதும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"யுனிவர்சிட்டியா? நோர்வூட்டுக்கு பஸ் இப்பதான் கெடச்சிச்சா உங்களுக்கு?" பிறகு உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்: "தங்கச்சி, ஒங்க சார் வந்திருக்காரு."

பின்பக்கத்தில் ஒரு முக்காலியைத் துடைத்து எனக்குப் போட்டாள். விசாரணையில் நான் விட்டுவிட்ட வார்த்தைகளை அப்படியே அவளிடம் சொன்னேன். துணைவேந்தருக்கு எழுதியிருக்கும் கடிதத்தையும் வாசித்துக் காட்டினேன். அவள் பொதி கட்டுவதை நிறுத்தவில்லை.

"தெரியும் சார்."

"எப்படித் தெரியும்?"

"எனக்கு இங்கிலீஷ் வராது. ஆனா நான் நெறைய பேசினேன், நீங்க கொஞ்சமா பேசினீங்க. வெளிய வந்ததும் உங்க மொகத்தப் பாத்தேன். நீங்க பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு போயிட்டீங்க."

அவள் அடுத்த பொதியை எடுத்தாள்.

"நீங்கதான் கழுவச் சொன்னீங்கன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா உங்கள என்ன செஞ்சிருப்பாங்க? வேலைய விட்டு நிப்பாட்டியிருப்பாங்களா?"

இந்தக் கேள்விக்குப் பதில் எனக்கு அந்த அறையில் உட்கார்ந்திருந்தபோதே தெரியும். ஓய்வுக்கு ஒரு வருடம் இருக்கும் உத்தியோகத்தரை யாரும் வேலை நீக்க மாட்டார்கள்.

"இல்ல கமலா. ஒரு வார்னிங் லெட்டர் குடுத்திருப்பாங்க. ஃபைல்ல போட்டு வச்சிருப்பாங்க."

"லெட்டர் மட்டுமா?"

"லெட்டர் மட்டும்தான்."

அவள் முதல் தடவையாகக் கையை நிறுத்தினாள். என்னைப் பார்க்க முகத்தை முழுவதுமாகத் திருப்ப வேண்டியிருந்தது.

"நான் இத்தன வருஷமா என்ன நெனச்சுக்கிட்டு இருந்தேன் தெரியுமா சார்? சார் உண்மைய சொல்லியிருந்தா ஜெயிலுக்குப் போயிருப்பாரு, பிள்ளைகுட்டிக்காரரு, பயந்துட்டாருன்னு நெனச்சேன். அப்படி நெனச்சுத்தான் கோவப்படாம இருந்தேன்."

பிறகு மல்லிப் பொதியின் வாயை முறுக்கிக் கட்டினாள்.

"அந்த வார்னிங் லெட்டர் விஷயமும் உங்க கடிதாசில எழுதுங்க சார். எதுக்காக என் வேலை போச்சுன்னு அவங்களும் தெரிஞ்சுக்கட்டும்."

கடிதத்தைத் திரும்ப எழுதி அனுப்பினேன். பதில் இன்னும் வரவில்லை. வேலையில் யாருக்கு என்ன கட்டளை கொடுத்தோம் என்பதை அன்றன்றே சொந்தப் பெயரில் எழுதி வைக்க வேண்டும் என்பது நான் கற்ற பாடம். படிவத்தில் அதற்கு இடம் இல்லை. அதனால் கமலா கேட்டதை இங்கேயும் எழுதுகிறேன்: நான் தப்பித்துக்கொண்டது ஒரே ஒரு எச்சரிக்கைக் கடிதத்திலிருந்து.